செவியும் கண்ணும் பெற்ற கணிப்பொறி

முன்னுரை

தாயின் குரல் கேட்டதும் குழந்தை திரும்புகிறது. அவள் முகம் கண்டதும் சிரிக்கிறது. இவ்விரு திறன்களையும் கணிப்பொறிக்குக் கற்பிக்க அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்துள்ளனர். அவ்வுழைப்பு இரு வழிகளில் நடந்தது. மென்பொருளின் மூல நிரலை மறைத்து விற்பது ஒரு வழி. எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் அதனைத் திறந்து வைப்பது மற்றொன்று. வளர்ச்சிக்கு இவை எங்ஙனம் துணைநின்றன என்பதைக் காண்போம்.

பேச்சறிதல்

1997-இல் டிராகன் நிறுவனம் வெளியிட்ட 'நேச்சுரலி ஸ்பீக்கிங்', சொற்களுக்கிடையே நிறுத்தாமல் இயல்பாகப் பேசுவதை எழுத்தாக்கியது. அது விற்பனைப் பொருள். அதன் உள்ளமைப்பு வாங்கியவருக்குத் தெரியாது. 2000-ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 'ஸ்பிங்க்ஸ்-2' மென்பொருளைத் திறந்து வைத்தது. 2011-இல் 'கால்டி' வெளிவந்தது. முன்னவர் விட்ட இடத்திலிருந்து பின்னவர் தொடரலாயினர்.

நிரல் மட்டும் போதுமா? போதாது. பேச்சுப் பதிவுகளே பொறிக்குப் பாடநூல். அவை பெருநிறுவனங்களிடமே குவிந்திருந்தன. இக்குறை போக்க மொசில்லா 2017-இல் 'காமன் வாய்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. பொதுமக்கள் தம் குரலை நன்கொடையாக அளிக்கும் இத்திட்டத்தில் தமிழும் உண்டு. 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட 'விஸ்பர்' 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளில் பயின்றது. அதன் நிரலும் பயின்ற மாதிரியும் வெளியிடப்பட்டன. பயிற்சிப் பதிவுகள் வெளியிடப்படவில்லை. கதவு பாதியே திறந்தது எனலாம்.

முகமறிதல்

2014-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் 'டீப்ஃபேஸ்' 97.35 விழுக்காடு சரியாக விடையளித்தது. அது பயின்ற 40 இலட்சம் படங்கள் பிறர்க்குக் கிட்டாதவை. ஆயினும், அதனைச் சோதித்த படத்தொகுப்பு, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2007-இல் பொதுவாக வெளியிட்டதாகும். மூடிய பொறியின் பெருமையை அளந்ததும் பொது அளவுகோலே!

2018-இல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் ஆய்வாளர்கள், முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று விற்பனைப் பொறிகளைச் சோதித்தனர். வெண்ணிற ஆடவரிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை சென்றது. வெளியார் சோதித்திராவிடில் இவ்வநீதி மறைந்தே இருந்திருக்கும்.

முடிவுரை

பெருநிறுவனங்களின் பொருள்வளம் இத்துறையை விரைவுபடுத்தியது என்பதை மறுப்பதற்கில்லை. திறந்த முகமறி மென்பொருள் தீயோர் கையிலும் சேரும் என்பதும் உண்மையே. எனவே நிரலைத் திறப்பதோடு, முகத்துக்குரியவரின் இசைவைக் கேட்கும் சட்டமும் வேண்டும். ஆயினும், பிறர் ஆராய முடியாத பொறியிடம் நம் குரலையும் முகத்தையும் ஒப்படைப்பது கணக்குக் காட்டாதவரிடம் பணப்பெட்டியைக் கொடுப்பது போன்றதாகும். மாணவ நண்பர்களே, பொறியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல் அதன் உள்ளமைப்பையும் கற்போமாக!