டிக்கெட்டில் ஐந்தரை மணி நேரம், பறப்பதோ பதினொரு மணி நேரம்!

மகள் படிப்புக்காக லண்டன் கிளம்புகிறாள். செல்போனுக்கு டிக்கெட் வந்துவிட்டது. சென்னையில் புறப்பாடு காலை 5.30. லண்டனில் வருகை அதே நாள் காலை 11.00. “அட, அஞ்சரை மணி நேரத்துல லண்டனா?” என்று வீட்டில் ஆச்சரியப்படுகிறார்கள். உண்மையில் அவள் பறக்கப்போவது 11 மணி நேரம்!

எங்கே வருது இந்தக் குழப்பம்?

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். லண்டன் நேரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், அப்போது நாலரை மணி நேர வித்தியாசம்தான்.

நீங்களே கணக்கு போடலாம்

1. சேரும் நேரத்தை இந்திய நேரமாக மாற்றுங்கள். குளிர்காலத்தில் லண்டன் காலை 11.00 என்றால், இங்கே மாலை 4.30.
2. அதில் புறப்படும் நேரத்தைக் கழியுங்கள். காலை 5.30 முதல் மாலை 4.30 வரை 11 மணி நேரம்.

திரும்பி வரும்போது? லண்டனில் மதியம் 1.30, சென்னையில் மறுநாள் காலை 5.00 என்று இருக்கிறதா? லண்டன் 1.30 என்பது இங்கே இரவு 7.00. ஆக, பயணம் 10 மணி நேரம்தான்.

போகும்போது ஏன் அதிக நேரம்?

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர் தூரம் சுமார் 8,200 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 9 மணி நேரத்தில் போய்விடலாமே எனத் தோன்றும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேரணும். அந்த உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். விமானங்கள் நேர்கோட்டிலும் போவதில்லை. இந்த நேர்பாதை உக்ரைனைக் கடக்கிறது. 2022 பிப்ரவரி முதல் அந்த வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் சுற்றித்தான் போகணும்.

இதில் ஏமாந்துவிடாதீர்கள்

• டிக்கெட்டில் “15ஆம் தேதி 00.30” என்று இருந்தால், 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அரை மணி. 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போயே போச்சு! வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக இருக்கணும் என்பதால், 14ஆம் தேதி இரவு 9.30க்கே விமான நிலையத்தில் இருங்கள்.
• வருகை நேரத்தின் பக்கத்தில் “+1” இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அழைக்க வருபவரிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
• துபாய் போன்ற ஊரில் விமானம் மாறினால், அங்கே இறங்கும் நேரம், ஏறும் நேரம் இரண்டுமே அந்த ஊர் நேரம். நேராகக் கழித்தாலே காத்திருப்பு நேரம் தெரிந்துவிடும்.

செல்போனின் கடிகாரச் செயலியில் ‘உலகக் கடிகாரம்’ பகுதியில் இரண்டு ஊர்களையும் இன்றே சேர்த்து வையுங்கள். மகள் போய் இறங்கியதும், அங்கே நள்ளிரவா பகலா என்று பார்த்துவிட்டு போன் போடவும் அது உதவும்.