ஐந்தாவது தெரிவு: உடற்றொழிலியல், நோயியல் சார்ந்த பட்டப்படிப்பைத் தெரிந்தெடுத்தல்

இங்கிலாந்தில் வாழும் எமது குடும்பங்களில், நவராத்திரி காலம் வந்தால் ஏ லெவல் படிக்கும் பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பமும் கூடவே வந்துவிடும். மருத்துவம் படிக்க விரும்புவோர் யூகாஸ் விண்ணப்பத்தை ஒக்டோபர் 15ஆம் திகதிக்குள் அனுப்பிவிட வேண்டும். அதில் ஐந்து தெரிவுகள் உண்டு. நான்கை மட்டுமே மருத்துவத்துக்குக் கொடுக்கலாம். ஐந்தாவது இடத்தில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு, "பயோமெடிக்கல் சயன்ஸ் போட்டு விடுங்கோ" என்று யாராவது சொல்ல, கடைசி நாளில் அதுவே எழுதப்படுகின்றது. மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளைக்கோ அந்த ஐந்தாவது தெரிவே வாழ்க்கைத் தொழிலின் வாசலாகி விடுகின்றது. ஆகவே அதனை ஆறுதலாக இருந்து, விசாரித்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

பெயர் ஒன்று, தொழில் வேறு

உடற்றொழிலியல் என்பது உடல் எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஆராயும் கல்வி. நோயியல் என்பது நோய் எவ்வாறு உண்டாகி உடலை மாற்றுகின்றது என்பதை ஆராய்வது. இரண்டையும் பல பட்டப்படிப்புகளில் படிக்கலாம். ஆனால் எல்லாப் பட்டங்களும் ஒரே தொழிலுக்குக் கொண்டு செல்வதில்லை.

நோயியல் மருத்துவராக வர விரும்பும் பிள்ளை முதலில் மருத்துவப் பட்டம் பெற வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இரத்தம், இழையம், கிருமி ஆகியவற்றைப் பரிசோதிப்பவர் பயோமெடிக்கல் சயன்டிஸ்ட். இப்பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. எச்.சி.பி.சி. என்ற சபையில் பதிவு பெறாதவர் இப்பெயரில் வேலை செய்ய முடியாது. இதயம், சுவாசம், நரம்பு ஆகியவற்றின் இயக்கத்தை நோயாளரிடம் நேரில் அளந்து பார்ப்பவர்கள் வேறு பிரிவினர். அவர்களுக்கு ஹெல்த்கெயார் சயன்ஸ் என்னும் பட்டத்தில் உடற்றொழிலியல் பிரிவு உண்டு. வெறுமனே உடற்றொழிலியல் என்ற பெயரில் உள்ள பட்டம் ஆராய்ச்சிக்கு நல்ல அடித்தளம். ஆனால் அது மட்டும் வைத்தியசாலைப் பதவிக்குப் போதாது. நல்ல சித்தி பெற்றவர்கள் பின்னர் என்.எச்.எஸ். நடத்தும் மூன்றாண்டுச் சம்பளப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் போட்டி மிகக் கடுமை.

அங்கீகாரமே முதற் கேள்வி

பயோமெடிக்கல் சயன்ஸ் என்ற பெயர் இருந்தாற் போதாது. 1912இல் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த ஐ.பி.எம்.எஸ். நிறுவனம் அப்பாடநெறியை அங்கீகரித்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பெரும் பெயர் பெற்ற சில பல்கலைக்கழகங்களின் பட்டங்களுக்கு இந்த அங்கீகாரம் இல்லை. அவை தாழ்ந்தவை என்பது இதன் பொருளன்று. அவற்றின் நோக்கம் வேறு. ஆனால் அங்கே படித்த பிள்ளை ஆய்வுகூடத் தொழிலுக்கு வர விரும்பினால், பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பி, விடுபட்ட பாடங்களை மேலும் பணம் கொடுத்துப் படிக்க நேரிடலாம். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், கிங்ஸ்டன், மிடில்செக்ஸ் போன்றவை பல ஆண்டுகளாக அங்கீகாரம் பெற்ற பாடநெறிகளை நடத்தி வந்திருக்கின்றன. எனினும் விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலை ஐ.பி.எம்.எஸ். இடமே சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு, ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்று ஒரு பயிற்சிக் கோவையையும் நிறைவு செய்தாலே பதிவு கிடைக்கும். சில பாடநெறிகளில் இதற்கென ஓர் ஆண்டு வைத்தியசாலைப் பயிற்சி உண்டு. இடங்களோ குறைவு. பயிற்சி கிடைக்காதவர்கள் பட்டம் பெற்ற பின் உதவியாளராகச் சேர்ந்து காத்திருக்க வேண்டி வரும். ஹெல்த்கெயார் சயன்ஸ் பட்டத்தில் பயிற்சி மூன்றாண்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

செலவைக் கணக்கிடுவோம்

2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்கள் உள்நாட்டு மாணவரிடம் அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண். பெரும்பாலானவை அந்த உச்சத்தையே அறவிடுவதால், கட்டணத்தைப் பார்த்து மலிவானதைத் தேடுவதிற் பயனில்லை. சேமிப்பு வேறு இடங்களில் உள்ளது.

முதலாவது, வீட்டிலிருந்து போய் வருவது. வாடகையும் சாப்பாடும் மிச்சமாகும். இரண்டாவது, முழு ஆண்டுப் பயிற்சியின்போது கட்டணம் வழமையான உச்சத்தின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, பட்டத்துடன் கூடிய தொழிற்பயிலுனர் முறை. இதில் வைத்தியசாலை சம்பளமும் கொடுக்கும். படிப்புக் கட்டணமும் பிள்ளையின் தலையில் விழாது. இடங்கள் சில என்பதால் வைத்தியசாலைகளின் வேலை அறிவித்தல்களை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

கடன் என்றாலே அஞ்சி, சீட்டை எடுத்தும் வட்டிக்கு வாங்கியும் கட்டணம் கட்டும் பெற்றோர் எம்மிடையே இருக்கின்றார்கள். கட்டணக் கடனுக்குப் பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுவதில்லை. 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியோர், ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டிய பின், தாண்டிய தொகையில் நூற்றுக்கு 9 வீதம் செலுத்துவர். 2025-26இல் புதிதாகப் பதிவு பெற்றவரின் ஆரம்பச் சம்பளம், லண்டன் படி நீங்கலாக, 31,049 பவுண். அதன்படி மாதம் ஏறக்குறைய 45 பவுணே கழியும். 40 ஆண்டுகளின் பின் மிகுதி தள்ளுபடியாகும். நீண்ட காலக் கடன்தான். ஆயினும் சீட்டுக் கழிவை விட இது இலேசானது.

அகதி அந்தஸ்துப் பெற்ற குடும்பத்துப் பிள்ளைகள் மூன்றாண்டு வதிவிட நிபந்தனையின்றியே உள்நாட்டுக் கட்டணத்துக்கும் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். வேறு வகை விசாவில் இருப்போர் தங்கள் கடிதங்களுடன் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

பின்வாசல் என்ற நம்பிக்கை

"இதைப் படித்துவிட்டுப் பிறகு மருத்துவத்துக்கு மாறலாம்" என்பார்கள். முடியாததன்று; ஆனால் எளிதன்று. பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்புக்குப் போட்டி மிக அதிகம். ஐந்தாண்டுப் படிப்பிற் சேர்ந்தால், ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு முதல் நான்கு ஆண்டுகளுக்கும் கட்டணக் கடன் கிடையாது. குடும்பமே அப்பணத்தைத் தேட வேண்டும். ஆகவே, மருத்துவம் கிடைக்காவிட்டாலும் பிள்ளை மனநிறைவோடு செய்யக்கூடிய தொழிலா என்று பார்த்தே இத்துறையைத் தெரிவு செய்ய வேண்டும்.

திறந்த நாளிற் கேட்க வேண்டியவை

1. இப்பாடநெறிக்கு இவ்வாண்டு அங்கீகாரம் உண்டா?
2. வைத்தியசாலைப் பயிற்சி இடங்கள் எத்தனை? கேட்போர் எத்தனை பேர்?
3. பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா?
4. சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் பதிவு பெற்றனர்?
5. பிள்ளைக்கு ஆய்வுகூட வேலை பிடிக்குமா, நோயாளரோடு பழகும் வேலை பிடிக்குமா?

கடைசிக் கேள்விக்கு விடை தரக்கூடியவர் பிள்ளை மட்டுமே. நோயாளர் ஒருவருக்கு ஏற்றும் இரத்தம் பொருந்துமா என்று பார்த்துக் கொடுப்பவர் ஆய்வுகூடத்தில் இருப்பவர்தான். நோயாளர் அவர் முகத்தைக் காண்பதில்லை. ஆயினும் அதுவும் உயிர் காக்கும் தொண்டே. டொக்டராகவில்லையே என்று பிள்ளைகளின் மனத்தை நோகச் செய்யாது, தக்க வழியைக் காட்டி ஊக்குவிப்போமாக. கலைமகள் அருள் எம் பிள்ளைகள் அனைவருக்கும் கிட்டுவதாக.