பேச்சில் மறையும் எழுவாய்

“ஏரிக்கரை உடைந்துவிட்டது.” “வாய்க்கால் தூர்ந்து போயிற்று.” நம் ஊர்களில் நாள்தோறும் கேட்கும் வாக்கியங்கள் இவை. இலக்கணப்படி இவற்றில் பிழை ஏதும் இல்லை. எனினும், கரை தானே உடைந்தது, வாய்க்கால் தானே தூர்ந்தது என்றே இவை கூறுகின்றன. மனிதர் எவரும் இவற்றுள் இல்லை. “நாம் மூன்று ஆண்டுகளாகத் தூர் வாரவில்லை” என்னும்போதுதான் செயலுக்கு உரியவர் வெளிப்படுகிறார். “எனக்கு மறந்துபோயிற்று” என்பதற்கும் “நான் மறந்துவிட்டேன்” என்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

தம் வாழ்வில் நிகழ்பவை தம் முயற்சியின் விளைவு என நம்புவோரும், விதியின் அல்லது வலியோரின் செயல் என நம்புவோரும் உளர். ஜூலியன் ராட்டர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இவ்வேறுபாட்டை 1966-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இரண்டிரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, எது உண்மையெனத் தோன்றுகிறது என்று கேட்பது அவர் கையாண்ட முறை.

ஆயினும், வினைச்சொல்லைக் கொண்டே ஒருவர் மனத்தை அளந்துவிடலாம் என்று நாம் கூறவில்லை. மழை பொய்த்தது என்னும் உழவர் உண்மையையே உரைக்கிறார். கடைமடையில் நிலம் உடையவர் “தண்ணீர் வரவில்லை” என்பதும் அவ்வாறே. மதகு அவர் கையில் இல்லை. தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் பாதியை மகளிர்க்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016-இல் வந்தது. அவ்வாறு வந்த தலைவி ஒருவர் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்றால், அதனை ஊக்கக் குறைவு என எண்ணுதல் தவறு. கையொப்பம் அவருடையது, முடிவு பிறருடையது என்னும் நிலையையே அச்சொல் காட்டுகிறது. அவருக்குச் சொற்பொழிவு உதவாது. தீர்மானப் புத்தகமும் கணக்கும் அவர் கையில் இருத்தல் வேண்டும்.

இனி, தீர்மானங்களைப் பார்ப்போம். குடியரசு நாள் முதலிய நான்கு நாட்களுடன், 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கிராம சபை நாட்களாகச் சேர்க்கப்பட்டன. இக்கூட்டங்களில், “குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆவன செய்யப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதுவது வழக்கம். இதில் செயப்பாட்டுவினை இரண்டு உள. செய்பவர் ஒருவரும் இலர். அடுத்த கூட்டத்தில் யாரைக் கேட்பது? (அலுவலகக் கடிதங்களிலிருந்தே இந்நடை ஊருக்குள் புகுந்தது என்பது நம் கருத்து, எனவே எம்மைப் போன்று எழுதுவோர்க்கும் இதில் பங்குண்டு.) “தொட்டி இயக்குபவர் 15-ஆம் தேதிக்குள் கழுவுவார், இரண்டாம் வார்டு உறுப்பினர் உடனிருப்பார்” என எழுதினால், கேட்பதற்கு ஆள் உண்டு.

ஊராட்சியின் கைக்கு எட்டாத பணிகளும் உள. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. அங்கே நம்முடைய வினை வேறு: இன்ன நாளில், இன்ன அலுவலரிடம் மனு அளித்தோம் என்பது.

சென்ற ஆண்டின் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் “யார்?” என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். விடை கிடைக்காத தீர்மானங்களை அடுத்த கிராம சபையில் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.