கலைக்க வேண்டாத பலகை

அன்புத் தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "கூட்டன்பர்க்குக்கு நானூறு வருஷம் முன்னாலேயே சீனர்கள் தனி எழுத்து அச்சைக் கண்டுபிடித்துவிட்டார்களே ஐயா, அப்புறம் ஏன் கோட்டை விட்டார்கள்?" அந்தக் 'கோட்டை விட்டார்கள்' மூன்று நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடித்தவர் பி ஷெங். பதவியோ பட்டமோ இல்லாத சாதாரணக் குடிமகன். ஷென் குவோ என்ற அறிஞர் 1088 வாக்கில் தம் குறிப்பு நூலில் ஒரு பத்தி எழுதி வைத்திராவிட்டால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திராது. நான் அலுக்காமல் திரும்பத் திரும்பப் படிக்கும் பத்தி அது. 1041க்கும் 1048க்கும் இடைப்பட்ட காலம். ஈரக் களிமண்ணில், காசின் விளிம்பளவு கனத்தில் எழுத்தைச் செதுக்கி நெருப்பில் சுடுகிறார் பி ஷெங். இரும்புத் தகட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் மூன்றையும் பரப்பி, மேலே இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் எழுத்துகளை நெருக்கி அடுக்குகிறார். அனலில் காட்டினால் மெழுகு இளகும். மட்டப்பலகையால் ஓர் அழுத்து. ஆறியதும் எழுத்து அசையாது. வேலை முடிந்தபின் மறுபடி சூடு காட்டிக் கையால் தடவினால் எழுத்துகள் தாமாக உதிர்ந்துவிடும். மரத்தில் ஏன் செதுக்கவில்லை? ரேகை ஒரே சீராக இராது, ஈரம் பட்டால் மேடு பள்ளமாகும், பிசினோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்துகளை ஓசைவாரியாகப் பிரித்து, சீட்டு ஒட்டி, மரப்பெட்டியில் வைத்தார்கள். நம் யாப்பில் இயைபு என்கிறோமே, ஏறக்குறைய அந்த வகையில். அகரவரிசை இல்லாத எழுத்துக்கு எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

இரண்டு மூன்று பிரதிக்கு இந்த முறை சரிப்படாது, நூறு, ஆயிரம் என்றால்தான் வேகம் என்பதும் அதே பத்தியில் இருக்கிறது. இதை யாரும் நின்று படிப்பதில்லை.

'ஆயிரக்கணக்கான எழுத்துகள் இருந்ததால் சீனர்களால் முடியவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சோம்பல் பதில். 1298இல் வாங் ஜென் 60,000க்கும் மேற்பட்ட மர எழுத்துகளைச் செய்வித்தார். சுழலும் வட்ட மேசைகளில் அவற்றை அடுக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுக்க வகை செய்து, ஒரு வட்டார வரலாற்று நூலை ஒரு மாதத்துக்குள் 100 பிரதிகள் அச்சிட்டார். 18ஆம் நூற்றாண்டில் சியன்லுங் பேரரசரின் அரண்மனை அச்சகத்தில் 2,50,000க்கும் மேற்பட்ட மர எழுத்துகள் இருந்தன. முடியாமல் விட்டவர்கள் செய்கிற காரியமா இது?

என் முதல் நூல் ஈய எழுத்தில் அச்சானது, 500 பிரதிகள். ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக அச்சேறும் பக்கங்களின் தொகுதி, அச்சானதும் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர் எழுத்தைப் பிரித்துக் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், போட்டுவிடுவார். அடுத்த ஃபாரத்துக்கு எழுத்து வேண்டுமே. இரண்டு வருஷம் கழித்து மறுபதிப்பு வந்தபோது முதல் பக்கத்திலிருந்து மறுபடி கோத்தார்கள். நான் கண் நோகத் திருத்தியிருந்த இடங்களில் புதுப் பிழைகள். அன்றுதான் சீனர்களின் பலகை அச்சின் அருமை எனக்குப் புரிந்தது.

அந்த முறையில், மெல்லிய தாளில் எழுதியதை முகம் கவிழ்த்துப் பேரி மரப் பலகையில் ஒட்டுவார்கள். எழுத்து இடவலம் மாறித் தெரியும். அதை மட்டும் விட்டுச் சுற்றிலும் செதுக்கி எடுத்து, மை தடவி, தாள் விரித்து, உலர்ந்த தூரிகையால் ஓர் இழுப்பு. அழுத்தும் இயந்திரமே வேண்டாம். பிழையா? அந்த இடத்தைக் குடைந்து மரத்துண்டு செருகித் திருத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பலகையைக் கலைக்க வேண்டியதில்லை. இன்று முப்பது பிரதி, பத்து வருஷம் கழித்து ஐம்பது. விற்காத புத்தகத்தில் காகிதத்துக்குப் போட்ட காசு முடங்காது. 868இல் அச்சான வஜ்ர சூத்திரம் என்ற பௌத்த நூல் பலகை அச்சுதான். 971இலிருந்து 983 வரை செங்டுவில் பௌத்த நூல் தொகுதி முழுவதற்கும் செதுக்கிய பலகைகள் ஏறக்குறைய 1,30,000. பிழை நுழையக் கூடாத, காலம் காலமாக மறுபடி மறுபடி வேண்டியிருந்த நூல்கள் அவை. அதற்குப் பலகையை விட்டால் வேறு எது?

இரண்டும் கையில் இருந்தன தம்பி. கணக்குப் பார்த்துத்தான் பலகையை எடுத்தார்கள். பி ஷெங் இறந்தபின் அவருடைய களிமண் எழுத்துகளைத் தம் உறவினர்கள் பத்திரமாக வைத்திருப்பதாக ஷென் குவோ எழுதுகிறார். மதிப்புத் தெரியாதவர்கள் அப்படிப் பாதுகாப்பார்களா?

உன் கட்டுரையில் 'வாய்ப்பைத் தவறவிட்ட சீனா' என்று ஒரு துணைத்தலைப்பு பார்த்தேன். அதை அடித்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதி ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா.

அன்புடன்,
உன் ஆசிரியன்