பாதயாத்திரையில் வயிறு கெட்டால்…



நண்பர்களே, தைப்பூசத்துக்கு நடக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுக் கிளம்புங்க.

குன்றக்குடியிலிருந்து பழநிக்கு முதல் தடவை நடந்தப்போ, நத்தம் தாண்டினதும் எனக்கு வயித்தால போக ஆரம்பிச்சது. கூட வந்த அண்ணன் பையிலிருந்து ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். ரெண்டு போட்டேன், நின்னுடுச்சு. ஆனா வீட்டுக்கு வந்தும் ஒரு மாசம் வயிறு சரியில்ல. மாத்திரைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் படிச்சது என்னை யோசிக்க வச்சது.

நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அன்னதானப் பந்தியை நெனச்சுக்கோங்க. எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்திருந்தா புதுசா வர்றவருக்கு இடம் கிடையாது. அப்படித்தான் நல்ல நுண்ணுயிர்கள் நிறைஞ்சிருந்தா கெட்ட கிருமி காலூன்றுவது கஷ்டம்.

பயணம் இந்தப் பந்தியைக் கலைக்கும். தண்ணி, சாப்பாடு, தூக்கம் எல்லாமே மாறுதே! 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 2 பேரை ஒரு வருடம் விடாமல் கவனித்தார்கள். ஒருவர் பாங்காக் போய்ச் சில வாரங்கள் தங்கினார். அவருடைய குடல் நுண்ணுயிர்களின் விகிதமே மாறியது. ஊர் திரும்பி சுமார் 2 வாரத்தில் பழையபடி ஆனது. வயிறு தானாகவே மீண்டு வரும், அவகாசம்தான் வேணும்.

ஆன்டிபயாடிக் என்ன செய்யும்? நல்லது கெட்டது பார்க்காம பந்தியில பாதியை எழுப்பி விட்டுடும். காலியான இலையில யார் வந்து உட்காருவாங்க? நெதர்லாந்திலிருந்து வெளிநாடு போய் வந்த சுமார் 2,000 பேரைச் சோதித்து, 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. நம்ம தெற்காசியாவுக்கு வந்தவங்கள்ல நாலில் மூணு பேர், முக்கியமான சில மருந்துகளுக்கு அடங்காத கிருமியைக் குடலில் சுமந்துகிட்டுத் திரும்பினாங்க. பயணத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பத்தில் ஒருத்தருக்கு மேல, ஒரு வருஷம் கழிச்சும் அது போகல.

அதனால இப்போ என் பையில ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சோப்பும்தான். சாதாரண வயித்துப்போக்குன்னா பொட்டலத்தில் சொன்ன அளவு சுத்தமான தண்ணியில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிப்பேன். சூடா போடுற சாப்பாடு மட்டும்தான். வெட்டி வச்ச பழத்துக்கு ஒரு கும்பிடு. ரத்தம் போனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, சிறுநீர் குறைஞ்சு தலை சுத்தினாலோ நடையை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போயிடணும். அவர் எழுதிக் கொடுத்தா மாத்திரையை முழுசா சாப்பிடணும், என்னை மாதிரி ரெண்டோட நிறுத்தக் கூடாது.

இந்த வருஷமும் அதே அண்ணன் வர்றார். முதல்ல அவருக்குத்தான் இதை அனுப்பியிருக்கேன்.