பிக்கப் வண்டியின் வாட்டர் பம்பு: ஒழுக்கை அறிதலும் மாற்றுதலும்

மண்ணாடிப்பட்டு வட்டாரத்தில் காய்கறியும் தீவனமும் பிக்கப் வண்டிகளில் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். மதகடிப்பட்டுச் சந்தைக்குக் கால்நடைகளை ஏற்றிச் செல்வனவும் அவையே. வண்டி நின்றால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாயும் நின்றுவிடும். வாட்டர் பம்பின் சிறு ஒழுக்கைக் கவனியாது விட்டால், எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கட் கெட்டு, பம்பின் விலையைப் போலப் பன்மடங்கு செலவு நேரும். உரிய காலத்தில் கண்டுகொண்டால் வீட்டிலேயே அதனை மாற்றிவிடலாம்.

ஒழுக்கை அறிதல்

பம்பினுள் சுழலும் சக்கரம், கூலண்ட் நீரை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாது சுற்றிவரச் செய்கிறது. அதன் தண்டைச் சூழ்ந்துள்ள சீல் தேய்ந்ததும், பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் கசியும். கசிவு பேரிங்கைச் சென்று சேராமல் வெளியேறுவதற்கென்றே அத்துளை அமைக்கப்பட்டுள்ளது. அதனைப் பசையிட்டு அடைப்பாரும் உளர். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. எஞ்சின் நின்றிருக்கையில் கப்பியை அசைத்துப் பார்க்க, ஆட்டம் கண்டால் பேரிங்கும் தேய்ந்துள்ளது எனக் கொள்ளலாம். ரப்பர்க் குழாயின் இணைப்பில் ஒழுகினால் கிளிப்பை இறுக்குவதே போதுமானதாக இருக்கலாம். ஆதலின் துடைத்து உலர்த்தி, ஒழுக்கின் இடத்தைக் கண்ட பின்னரே புதுப் பம்பை வாங்குதல் வேண்டும்.

முன்னெச்சரிக்கை

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. அழுத்தத்தில் உள்ள நீர் 100 பாகை செல்சியசுக்கு மேலும் கொதியாதிருந்து, மூடி திறந்த கணமே பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச் செய்யும். இரவு முழுதும் ஆறவிட்டுக் காலையில் வேலையைத் தொடங்குக.

சில எஞ்சின்களில் பம்பை டைமிங் பெல்ட் சுழற்றுகிறது. அதனைத் தவறாகப் பொருத்தினால் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். அவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுக. வெளியிலுள்ள பெல்ட்டால் சுழலும் பம்புகளுக்கே கீழ்க்காணும் முறை பொருந்தும்.

மாற்றும் முறை

1. பாட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுக. கூலண்டைப் பாத்திரத்தில் வடித்து மூடி வைக்க வேண்டும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தையோ கன்றோ நாயோ அணுகலாகாது.

2. பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கப்பியின் போல்ட்டுகளைத் தளர்த்துக. பின்னர் தளர்த்த முயன்றால் கப்பி உடன் சுழலும். பெல்ட் செல்லும் வழியைத் தாளில் வரைந்துகொண்டு அதனைக் கழற்றுக.

3. பம்பின் போல்ட்டுகள் ஒரே நீளமுடையன அல்ல. அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, அவ்வவ்விடத்தில் செருகி வைத்தால் மாறிப்போகா.

4. பழைய கேஸ்கட்டை உலோகம் கீறுபடாமல் சுரண்டி எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக, கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்குக.

5. யாவற்றையும் பூட்டியபின், கையேடு கூறும் கூலண்டை வடிநீருடன் கலந்து ஊற்றுக. மூடியைத் திறந்து வைத்தே குளிர்ந்த எஞ்சினை ஓட்டத் தொடங்கி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை நிரப்பியபின் மூடுக.

கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏற்படுவதை இல்லத்தரசிகள் அறிவர். அந்நீரையே ரேடியேட்டரில் ஊற்றினால் அதே படிவு அங்கும் அடைக்கும். முதல் சில நாட்கள் காலைதோறும் நீர்மட்டத்தையும் பம்பின் அடியையும் பார்த்துவருதல் நன்று. இப்பழக்கம் உள்ள வீட்டில் வண்டி நடுவழியில் நிற்பது அரிது.