மூச்சும் உடலும்: தியானத்தில் இரு நெறிகள்

குன்றக்குடியைச் சார்ந்த ஞானியார் மலையில் சமண முனிவர் உறைந்த கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய அக்குகையில் துறவியர் உடலை எவ்வாறு நோக்கினர்? இன்று நம் இளைஞர் பலர் விபஸ்ஸனா முகாம்களுக்குச் சென்று திரும்பி, "மூச்சை நோக்கும் பயிற்சி நம் நெறியில் இல்லையா?" என வினவுகின்றனர். இவ்வினாவிற்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

பௌத்த நெறி

மஜ்ஜிம நிகாயத்தின் சதிபட்டான சுத்தம் உடலை நோக்கும் முறையை 14 பகுதிகளாக வகுக்கின்றது. முதலாவது மூச்சு. நெடுமூச்சை நெடிதென்றும் குறுமூச்சைக் குறிதென்றும் பிக்கு அறிகிறார், மூச்சை அடக்குவதில்லை. பின்னர் நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் ஆகிய நிலைகளையும், தலைமயிர் முதலிய உடற்கூறுகளையும், சுடுகாட்டுப் பிணத்தின் சிதைவையும் எண்ணுகிறார். 'நான்' எனப் பற்றத்தக்கது எதுவும் இவற்றில் இல்லை எனத் தெளிதலே இதன் பயன்.

ஜைன நெறி

நமது ஆறு ஆவசியகங்களுள் ஒன்று காயோத்ஸர்க்கம். உடற்பற்றை விடுதல் என்பது பொருள். பாதங்களிடையே நான்கு அங்குல இடைவெளி விட்டு, கைகளைத் தொங்கவிட்டு அசையாது நிற்றல் வேண்டும். இதன் கால அளவே மூச்சுதான். பகற் பிரதிக்ரமணத்திற்கு 108, இரவிற்கு 54, பட்சத்திற்கு 300, சாதுர்மாசத்திற்கு 400, ஆண்டிற்கு 500 மூச்சுகள் என மூலாசாரம் விதிக்கின்றது. பஞ்ச நமஸ்காரத்தின் முதலிரு அடிகளை ஒரு மூச்சிலும், அடுத்த இரண்டை மறு மூச்சிலும், இறுதி அடியை மூன்றாம் மூச்சிலும் எண்ணுவர். ஆகவே ஒன்பது முறை எண்ண 27 மூச்சுகள் ஆகும். உடலின் தூய்மையின்மையை எண்ணும் அசுசி அனுப்ரேட்சையும் நமது பன்னிரண்டனுள் ஒன்றே.

ஒற்றுமையும் வேற்றுமையும்

உடற்பற்றை ஒழித்தலில் இரு நெறிகளும் ஒன்றுபடுகின்றன. முடிவில் வேறுபடுகின்றன. பௌத்தர் நிலைத்த ஆன்மாவை ஏற்பதில்லை. நாமோ, உடல் புத்கலம், அறிபவன் ஜீவன் எனப் பிரித்தறிகிறோம். இவ்வேற்றுமையை உணராது இரண்டும் ஒன்றே என்பது பிழை. பிற நெறியை இகழ்வதும் பிழையே.

எனவே இளைஞரைத் தடுப்பதால் பயனில்லை. இல்லத்திலேயே வழிகாட்டுதல் வேண்டும். நாள்தோறும் வைகறையில் 27 மூச்சு காயோத்ஸர்க்கம் நின்றால் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களே ஆகும். அவ்விரு நிமிடங்களையும் பெற்றோர் முதலில் கைக்கொள்வாராக, மக்கள் பின்பற்றுவர்.